அலை வந்தபோது அவர் இல்லை: ஃபுதாய் மதகு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஜப்பானின் வடகிழக்குக் கரையில், இவாத்தே மாகாணத்தில், ஃபுதாய் என்று ஒரு மீனவ கிராமம். 2011-ல் மக்கள்தொகை 3,000 சொச்சம். இரண்டு பக்கமும் மலை. நடுவில் சிற்றாறு ஒன்று இறங்கிக் கடலில் சேர்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் வாயை அடைத்தாற்போல, கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே, ஆற்றுக்குக் குறுக்கே ஒரு மதகு நிற்கிறது. உயரம் 15.5 மீட்டர், நீளம் 205 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஐந்து மாடிக் கட்டடம். இத்தனை சின்ன ஆற்றுக்கு இத்தனை பெரிய மதகா என்று யாருக்கும் தோன்றும். 1984-ல் கட்டி முடித்த நாளிலிருந்து ஊர்க்காரர்கள் பலருக்கே அப்படித்தான் தோன்றியது.

2011 மார்ச் 11, பிற்பகல் 2:46. அளவுகோலில் 9.0 காட்டிய நிலநடுக்கம், அதன் பின்னால் ஆழிப்பேரலை. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 18,000 பேருக்கு மேல். ஃபுதாயின் அண்டை ஊர்களான நோதா, தனோஹாதா இரண்டிலும் உயிர்கள் போயின, நூற்றுக்கணக்கான வீடுகள் போயின. ஃபுதாயில் தடுப்புக்கு வெளியே இருந்த மீன்பிடித் துறைமுகம் நொறுங்கியது. தடுப்புக்கு உள்ளே இருந்த வீடுகள் அப்படியே நின்றன. ஊரில் காணாமல் போனவர் ஒரே ஒருவர். நிலநடுக்கம் அடங்கியதும் தன் படகு என்ன ஆயிற்றோ என்று பார்க்கப் போனவர்.

அந்த மதகைக் கட்டவைத்த ஊர்த்தலைவர் கோதோகு வாமுரா அன்று உயிரோடு இல்லை. 1987-ல் பதவியிலிருந்து இறங்கினார், 1997-ல் இறந்துபோனார். அலை வந்தது அதற்கும் 14 வருஷம் கழித்து.

தலைவர்களின் முன்னேற்பாடு பற்றிப் பேச உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த 14 வருஷம்தான். 'தலைவர் நல்லா தயாராகி வந்திருக்கார்' என்று நாம் சொன்னால், புள்ளிவிவரம் மனப்பாடம், கேள்விக்குப் பதில் கையில், உதவியாளர் பின்னால் கோப்போடு நிற்கிறார் என்று பொருள். அதுவும் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தயாரிப்பு தலைவர் மேடையை விட்டு இறங்கியதும் அவரோடு இறங்கிவிடும். ஆள் ஊரில் இல்லாதபோது, பதவியில் இல்லாதபோது, உயிரோடே இல்லாதபோது எது வேலை செய்தது என்பதுதான் இந்த ஆய்வில் நான் தேடியது.

கடலின் பழைய கணக்கு

சான்ரிக்கு என்று அழைக்கப்படும் அந்தக் கரை முழுக்க விரல் விரலாக நிலத்துக்குள் நுழையும் குடாக்கள். வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். புனலில் ஊற்றிய தண்ணீர்போல, உள்ளே வரும் அலை ஒடுங்க ஒடுங்க உயரும். மீனுக்கும் படகுக்கும் தோதான இடம். ஆழிப்பேரலைக்கும் அப்படியே.

1896 ஜூன் 15 மாலை, பண்டிகை நாள். நிலம் லேசாகத்தான் ஆடியது, அதனால் யாரும் ஓடவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்த அலை சுமார் 22,000 பேரைக் கொண்டுபோனது. சில இடங்களில் 38 மீட்டர் உயரம் வரை தண்ணீர் ஏறிய தடம் இருந்தது. ஆழ்கடலில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அலை வந்ததே தெரியாது. திரும்பி வந்தால் துறைமுகம் இல்லை. சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லில் 'சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. 2004 டிசம்பர் 26-க்கு முன் நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத சொல். கடல்கோள் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் பழம்பாடலில் இருந்தது, கரையில் இல்லை. அந்த டிசம்பர் காலையில் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் என்ன வருகிறது என்று மக்களுக்குப் புரியாமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

1933 மார்ச் 3, விடியுமுன் இன்னொன்று. மொத்தம் 3,000 பேர். இந்த இரண்டிலும் சேர்த்து ஃபுதாயில் மட்டும் 439 பேர் இறந்தார்கள். வாமுரா அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். மண் குவியலுக்குள்ளிருந்து உடல்களைத் தோண்டி எடுத்ததைப் பார்த்தபோது சொல்ல வார்த்தையே வரவில்லை என்று பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார்.

1947-ல் ஊர்த்தலைவர் ஆனார். தொடர்ந்து பத்து முறை, 40 வருஷம். நம் ஊரில் ஒரே ஆள் 40 வருஷம் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தார் என்றால் நாம் வேறு மாதிரி சந்தேகப்படுவோம். இங்கே அந்த நீளம் இல்லாமல் இந்தக் கதையே நடந்திருக்காது.

உயரம் என்ற ஒரே சண்டை

வெள்ளம் வருமுன் அணை போடு என்று பழமொழி சொல்கிறது. எவ்வளவு உயரத்துக்கு என்று அது சொல்வதில்லை. உண்மையான சண்டை எப்போதும் அங்கேதான்.

கடல் தடுப்பு வேண்டும் என்பதில் ஃபுதாயில் யாருக்கும் பெரிய மறுப்பு இருந்திருக்க முடியாது. இரண்டு தலைமுறையும் பிணம் எடுத்த ஊர். சண்டை உயரத்தைப் பற்றி. அந்தக் கரையில் மற்ற ஊர்கள் கட்டிய சுவர்கள் பெரும்பாலும் இதைவிடத் தாழ்வு. பெயர்பெற்ற பெரிய சுவரே 10 மீட்டர்தான். வாமுரா 15 மீட்டருக்குக் குறைய மாட்டேன் என்றார். அந்த எண் எங்கிருந்து வந்தது? 1896-ல் இந்த ஊருக்கு வந்த அலை 15 மீட்டர் இருந்தது என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். அவ்வளவுதான். பெரிய கணிப்பு எதுவும் இல்லை. ஊர் நினைவில் இருப்பதிலேயே மோசமானது எது என்று கேட்டார், அதற்கு மேலே அரை மீட்டர் வைத்தார்.

சராசரியை எடுத்திருக்கலாம். தன் கண்ணால் பார்த்த 1933-ஐ எடுத்திருக்கலாம், மனித இயல்பு அதுதான். தான் பட்டதுதான் அளவுகோல் என்று நினைப்பது அனுபவம் உள்ள தலைவர்களிடம் அடிக்கடி காணும் குறை. அவர் தன் அனுபவத்தைத் தாண்டி, தான் பிறப்பதற்கு முன் நடந்ததை அளவாக எடுத்துக்கொண்டார். இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

முதலில் கட்டியது மதகு இல்லை. ஓத்தனாபே என்ற மீனவக் குடியிருப்பைக் காக்கும் தடுப்புச்சுவர், 15.5 மீட்டர் உயரம், 155 மீட்டர் நீளம். 1967-ல் முடிந்தது, செலவு சுமார் 5.8 கோடி யென். அது சின்ன வேலை. அடுத்ததுதான் பெரியது: ஊரின் பெரும்பகுதி இருக்கும் பள்ளத்தாக்கைக் காக்கும் மதகு. ஆறு ஓட வேண்டும், மீன் ஏற வேண்டும், சாலை போக வேண்டும், ஆகவே வெறும் சுவர் எழுப்ப முடியாது. சாதாரண நாளில் திறந்திருந்து ஆபத்தில் இறங்கும் ஷட்டர்கள் வேண்டும். 1972-ல் ஆரம்பித்து 1984-ல் முடித்தார்கள். பன்னிரண்டு வருஷம், 356 கோடி யென். மாகாணமும் மத்திய அரசும் பணத்தில் பங்கு கொடுத்தன.

ஊராட்சி மன்றத்தில் எதிர்ப்பு இருந்தது. இந்தப் பணத்துக்கு வேறு வேலை இல்லையா என்ற கேள்வி நியாயமானதுதான். நிலம் கொடுக்க வேண்டியவர்கள் மறுத்தார்கள். 2011-ல் ஊர்த்தலைவராக இருந்த ஹிரோஷி ஃபுகாவதாரி அந்தக் கட்டுமானத்தில் வேலை பார்த்தவர். இவ்வளவு பெரிசாக வேண்டுமா என்று தனக்கே அன்று தோன்றியதாக வெளிப்படையாகச் சொன்னார். ஒரு திட்டத்தில் கூடவே நின்று வேலை செய்கிறவருக்கே மனதில் சந்தேகம் இருந்தது என்றால், வெளியிலிருந்தவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். வாமுரா ஒவ்வொருவராகப் பேசி இணங்கவைத்தார். ஓய்வுபெறும்போது ஊர் ஊழியர்களிடம், எதிர்ப்பு வந்தாலும் உறுதியோடு எடுத்த வேலையை முடியுங்கள், கடைசியில் மக்கள் புரிந்துகொள்வார்கள் என்ற பொருளில் பேசினார்.

இந்தப் பேச்சை நான் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். தப்பான அணையைக் கட்டியவர்களும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார்கள். உறுதி மட்டும் பெரிய குணம் இல்லை. அவருடைய உறுதிக்குக் கீழே சரிபார்க்கக்கூடிய ஓர் எண் இருந்தது, அதனால்தான் அதற்கு மதிப்பு.

சரி, அந்த எண் சரியாக இருந்ததா? இல்லை என்பதுதான் வேடிக்கை. 2011-ல் மதகில் மோதிய தண்ணீர் 20 மீட்டருக்கும் மேலே தடம் விட்டுப் போனது. 15.5 மீட்டரைத் தாண்டி உள்ளே விழுந்து, ஆற்றோடு மேலே ஓடியது. ஆனால் வேகம் செத்துவிட்டது. பள்ளிக்கூடங்களை எட்டுமுன்பே நின்றுவிட்டது. கரையோரத்தில் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்ததால் அலை மதகை அடையுமுன்பே கொஞ்சம் வலிமை இழந்திருந்தது, மீதியை மதகு வாங்கிக்கொண்டது. வாமுராவின் கணிப்பு 5 மீட்டர் தவறு. அந்தத் தவறை ஊர் தாங்கிக்கொண்டது. 10 மீட்டர் கட்டியிருந்தால் தாங்கியிருக்காது.

பத்து மீட்டர் ஊரின் கதை

10 மீட்டர் கட்டிய ஊர் தெற்கே, அதே மாகாணத்தில் இருக்கிறது. தாரோ. அதைத் தப்புக்கு உதாரணமாகக் காட்டுவது சுலபம், ஆனால் அது அநியாயம். முன்னேற்பாட்டில் தாரோவை மிஞ்சிய ஊர் ஜப்பானிலேயே குறைவு.

1933-ல் மட்டும் தாரோவில் 911 பேர் இறந்தார்கள். மேட்டுக்குக் குடிபோங்கள் என்று அரசு சொன்னது. எல்லா வீட்டுக்கும் மேட்டில் இடமில்லை, மீனவர்கள் கடலை விட்டு எங்கே போவது? அன்றைய ஊர்த்தலைவர் சுவர் கட்ட முடிவெடுத்து, 1934-ல் ஊர்ப் பணத்திலேயே வேலையைத் தொடங்கினார். போர் குறுக்கிட்டு, முதல் சுவர் 1958-ல்தான் முடிந்தது. அதைப் போட்ட விதம் புத்திசாலித்தனமானது. அலையோடு நேருக்கு நேர் முட்டாமல், தண்ணீரை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிடும்படி வளைத்திருந்தார்கள். தெருக்களை மலையை நோக்கி நேராகப் போட்டார்கள். ஓடும்போது எதிரில் வருகிறவர் தெரிய வேண்டும் என்று தெருமுனை வீடுகளின் மூலையைச் சீவிவிட்டார்கள். தெருமுனையைச் சீவும் அளவுக்கு யோசித்த ஊர் அது.

அப்புறம் என்ன நடந்தது? அடுத்தடுத்து கடல் பக்கமாக இன்னும் சுவர்கள் சேர்ந்தன. 1979-ல் மொத்த நீளம் 2.4 கிலோமீட்டர் ஆனது. வெளிநாடுகளிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். முதல் சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவில் இருந்த காலி இடத்தில், அதாவது முதலில் கட்டியவர்கள் கடலுக்கென்று விட்டுவைத்த இடத்தில், வீடுகள் வந்தன. 2011-ல் அலை சுவர்களைத் தாண்டியது, புதுச் சுவரில் ஒரு பகுதி பெயர்ந்தே போனது. பழைய வளைந்த சுவர் நின்றது. தாரோவில் சுமார் 180 பேர் இறந்தார்கள்.

ஒரு தலைமுறையின் முன்னேற்பாடு அடுத்த தலைமுறைக்கு அலட்சியமாக மாறுகிற விதம் இது. முதல் தலைவர் சுவரையும் கட்டி, ஓடுவதற்குத் தெருவையும் போட்டார். அவருக்குச் சுவர் மேல் முழு நம்பிக்கை இல்லை. பின்னால் வந்தவர்களுக்கு இருந்தது.

ஃபுதாயையும் தாரோவையும் பக்கத்தில் வைக்கும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. ஃபுதாய் அடைக்க வேண்டிய இடைவெளி 205 மீட்டர். தாரோவின் முதல் சுவரே ஒரு கிலோமீட்டருக்கு மேல். 15.5 மீட்டர் உயரத்தில் அவ்வளவு நீளம் கட்ட 1950-களின் ஒரு மீனவ ஊரால் முடியாது. வாமுராவுக்கு நல்ல பூகோளம் கிடைத்தது. கிடைத்ததை வீணாக்கவில்லை என்பதே அவர் பெருமை.

இன்னொரு நுணுக்கம். நிலநடுக்கம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில் வானிலை முகமை விட்ட முதல் எச்சரிக்கை இவாத்தே கரைக்குச் சொன்ன உயரம் 3 மீட்டர். பின்னால் 6 ஆக்கினார்கள், அதன்பின் 10-க்கு மேல் என்றார்கள். அதற்குள் பல இடங்களில் மின்சாரம் போய், திருத்தம் எல்லாருக்கும் போய்ச்சேரவில்லை. பத்து மீட்டர் சுவருக்குப் பின்னால் இருப்பவர் காதில் மூன்று மீட்டர் என்று விழுந்தால் என்ன செய்வார்? டீ போடுவார்.

தப்பாக ஒத்திகை பார்த்தால்

கான்கிரீட்டை விட்டு வெளியே வருவோம். ஃபுதாய்க்குத் தெற்கே கமாயிஷி நகரம். 63 மீட்டர் ஆழக் கடலில் அடித்தளம் போட்ட அலைதடுப்பு ஒன்று 2009-ல் அங்கே முடிந்தது, உலகிலேயே ஆழமானது என்று பெயர் வாங்கியது. இரண்டு வருஷத்தில் அலை அதை உடைத்தது. நகரில் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் அந்த நகரின் பள்ளிப் பிள்ளைகள் கிட்டத்தட்ட 3,000 பேரில் 99.8 சதவீதம் பிழைத்தார்கள்.

குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் தோஷிதாகா கதாதா பல வருஷம் அந்தப் பள்ளிகளில் பயிற்சி கொடுத்திருந்தார். அவர் பாடத்தின் முதல் வரி கொஞ்சம் விசித்திரமானது: ஆபத்து வரைபடத்தை நம்பாதே. அரசே அச்சடித்துக் கொடுத்த வரைபடத்தை நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். உனோசுமாய் பகுதியில் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் முதலில் ஓட, பக்கத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்து ஓடினார்கள். குறித்து வைத்திருந்த இடத்தை அடைந்தார்கள். பின்னால் இருந்த மலைச்சரிவு உதிர்வதைக் கண்டு, இங்கே நிற்க வேண்டாம் என்று இன்னும் மேலே போனார்கள். அதற்கப்புறமும் ஏறினார்கள். குறித்து வைத்திருந்த இடம் தண்ணீருக்குள் போனது. பெரியவர்கள் கைகாட்டிய இடத்தில் நின்றிருந்தால் கதை வேறு.

இதே உனோசுமாயில்தான் இன்னொன்றும் நடந்தது, அதை இந்தக் கரையில் நடந்த எல்லாவற்றிலும் கசப்பானதாக நினைக்கிறேன். 2010-ல் அங்கே பேரிடர்த் தடுப்பு மையம் என்ற பெயரில் ஒரு கட்டடம் திறந்தார்கள். ஆழிப்பேரலைக்கு ஓட வேண்டிய இடம் அதுவல்ல, மேட்டில் வேறு இடம் குறித்திருந்தது. ஆனால் ஒத்திகைக்கு மேடு வரை ஏறிப்போக வயதானவர்களுக்குச் சிரமம், ஆள் வருவதில்லை. அதனால் கிட்டத்திலேயே இருக்கும் அந்த மையத்தில் ஒத்திகையை வைத்தார்கள். வருகை கூடியது. 2011 மார்ச் 11-ல் மக்கள் ஒத்திகையில் பழகிய இடத்துக்கே போனார்கள். 160-க்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கட்டடத்தில் இறந்ததாகக் கணக்கிட்டார்கள்.

ஒத்திகை நடந்தது, வருகைப் பதிவேடு நிறைந்தது, படமும் எடுத்திருப்பார்கள். நம் அலுவலகங்களில் வருஷத்துக்கு ஒருமுறை தீயணைப்பு ஒத்திகை என்று மணி அடித்து, எல்லாரும் லிஃப்டிலேயே கீழே இறங்கிப் போய் டீக்கடையில் நிற்பதை நினைத்துக்கொண்டேன். உடம்பு பழகியதைத்தான் ஆபத்தில் செய்யும். தப்பாகப் பழக்கினால் தப்பைத்தான் வேகமாகச் செய்யும்.

இஷினோமாகி நகரின் ஒகாவா தொடக்கப்பள்ளி வழக்கு இதைச் சட்டமாகவே சொல்லிவிட்டது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் மலை இருந்தது. பள்ளி மைதானத்தில் முக்கால் மணி நேரம் நின்றிருந்தார்கள். அந்தப் பதற்றத்தில் ஆசிரியர்கள் எடுத்த முடிவைக் குறை சொல்வதா என்று பலர் கேட்டார்கள். 2018-ல் செந்தாய் உயர் நீதிமன்றம் கேள்வியையே வேறு பக்கம் திருப்பியது: குற்றம் அன்றைக்கு நடந்ததல்ல, அதற்கு முன்பே பள்ளியும் நகரக் கல்வி வாரியமும் எங்கே ஓடுவது என்று ஒழுங்காக எழுதி வைக்காததில்தான் என்றது. பள்ளிக் கையேட்டில் காலி நிலம், பூங்கா என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. அன்று தலைமை ஆசிரியர் விடுப்பில் இருந்தார். விடுப்பு எடுப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஃபுதாயின் தலைவரும் அன்று இல்லைதானே. ஒருவர் விட்டுச்சென்றது மதகு, இன்னொரு இடத்தில் இருந்தது 'பூங்கா' என்ற ஒரு சொல்.

அணு உலைக்குப் போட்ட மேடு

இதே கரையில் வாமுராவுக்கு ஒரு ஜோடி உண்டு. யானோசுகே ஹிராய், தோஹொகு மின் நிறுவனத்தின் துணைத் தலைவராக இருந்தவர். ஒனகாவா அணுமின் நிலையத்தை எந்த உயரத்தில் கட்டுவது என்று 1960-களின் பிற்பகுதியில் பேச்சு வந்தபோது, அன்றைய கணிப்பு அங்கே வரக்கூடிய அலையை 3 மீட்டர் அளவில்தான் வைத்திருந்தது. 12 மீட்டர் மேடு போதுமே என்றார்கள். ஹிராய் 14.8 என்று நின்றார். அவர் எடுத்த ஆதாரம் கி.பி. 869-ல் வந்த ஜோகான் அலை. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தையது! கூட்டத்தில் இருந்தவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசை. அலை உள்ளே வருவதோடு போகாது, பின்வாங்கும்போது கடலே விலகிக் குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல் போகும் என்று யோசித்து, தண்ணீர் தேங்கி நிற்கும்படி உறிஞ்சு வாய்க்காலை அமைக்கவும் வைத்தார். 1986-ல் இறந்தார். 2011-ல் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அணுமின் நிலையம் ஒனகாவாதான். அலை சுமார் 13 மீட்டர். நிலநடுக்கத்தில் தரையே ஒரு மீட்டர் இறங்கியதால் நிலையத்தின் மேடு 13.8 ஆகியிருந்தது. மிச்சம் இருந்தது ஒரு மீட்டருக்கும் குறைவு. ஊர் இழந்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர் அணுமின் நிலைய உடற்பயிற்சிக் கூடத்தில் மாதக்கணக்கில் தங்கினார்கள்.

ஃபுகுஷிமாவில் 35 மீட்டர் உயரக் குன்றை 10 மீட்டருக்கு வெட்டி இறக்கி நிலையம் கட்டியிருந்தார்கள். 2008-ல் அதை நடத்திய டோக்கியோ மின் நிறுவனத்தின் உள்கணக்கிலேயே 15.7 மீட்டர் அலை வரலாம் என்று வந்தது. கணக்கு இருந்தது, அதன்மேல் வேலை நடக்கவில்லை. மீதி உலகுக்கே தெரியும்.

நம் கல்பாக்கத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 2004-ல் கடல்நீர் இறைப்பு நிலையத்துக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள், சில நாளில் மறுபடி ஓட்டினார்கள். புயல் அலையை மனதில் வைத்துத் தளங்களை உயர்த்திக் கட்டியது அன்று கைகொடுத்தது. ஊழியர் குடியிருப்புப் பக்கம் உயிர்கள் போயின. உலைக்குப் போட்ட கணக்கை வீட்டுக்கு யாரும் போடவில்லை.

எனக்கு இன்னும் உறுத்துவது

இப்படிப்பட்ட ஆய்வுகளில் ஒரு வழுக்கல் உண்டு. அலை வந்ததால் வாமுரா தீர்க்கதரிசி. 2011-ல் வராமல் 2111-ல் வந்தால்? மதகு துருப்பிடித்து, பராமரிப்புச் செலவைப் பார்த்து ஒவ்வொரு தலைவரும் பல்லைக் கடித்திருப்பார்கள், அவர் பெயர் வீண்செலவுக்கு உதாரணமாக ஆகியிருக்கும். முடிவைப் பார்த்து முடிவெடுத்தவரைப் புகழ்வது சூதாட்டத்தில் ஜெயித்தவனைப் புகழ்வது மாதிரி. அதனால்தான் நான் மதகு நின்றதைவிட, 15 என்ற எண்ணை அவர் எப்படி எடுத்தார் என்பதைப் பிடித்துக்கொள்கிறேன். அலை வராமலே போயிருந்தாலும் அந்த எண் எடுத்த முறை சரி. அதே சமயம், 356 கோடி யென்னை எதிர்த்த மன்ற உறுப்பினரும் முட்டாள் இல்லை. அந்தப் பணத்தில் செய்யாமல் போன வேலைகளின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்று மதகைப் பற்றியது. அன்று எச்சரிக்கை வந்ததும் தொலைவிலிருந்தே பொத்தானை அழுத்திப் பெரிய ஷட்டர்களை இறக்கினார்கள். ஓரத்தில் இருந்த சின்னக் கதவுகள் சிக்கிக்கொண்டன. பன்னிரண்டு வருஷம் கட்டிய மதகு, நாற்பது வருஷம் வாதாடிய தலைவர், 15.5 மீட்டர் எல்லாம் சரியாக இருந்து, கடைசியில் பக்கத்துக் கதவு நகரவில்லை. தீயணைப்பு வீரர் ஒருவர் கடல் வரும் திசைக்கே இறங்கிப்போய்க் கையால் அடைக்க வேண்டியிருந்தது.

கரை நெடுக அன்று இப்படி இறங்கியவர்கள் பலர். பாதிக்கப்பட்ட மூன்று மாகாணங்களிலும் சேர்த்து இறந்த, காணாமல் போன தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் 250-க்கும் மேல். அவர்களில் மதகுகளையும் சுவர் வாசல்களையும் மூடப்போனவர்கள் பலர். சுவர் எழுப்பியவர்கள் வாசலையும் வைத்தார்கள். வாசலை மூட ஓர் ஆள் வேண்டும் என்றும் எழுதினார்கள். அந்த ஆள் எப்படித் திரும்பி வருவார் என்று பல ஊர்களில் எழுதவில்லை. எச்சரிக்கை வந்ததும் தானாகவே மூடிக்கொள்ளும் ஏற்பாட்டை இவாத்தே மாகாணம் அதற்குப் பிறகுதான் கொண்டுவந்தது.

ஃபுதாயில் கீழே இறங்கியவர் கதவை மூடிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அலை அடங்கிய பிறகு ஊர்க்காரர்கள் வாமுராவின் கல்லறைக்குப் பூக்களோடு போனார்கள்.